அரண்மனை ஓவியரின் மூன்று புள்ளிகள்

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, பேருந்து திரும்பி நிற்கும் இடத்திலிருந்து தென்னந்தோப்பு வழியாகப் பத்து நிமிடம் நடந்தால் அந்தப் பங்களா வரும். அதன் கூடத்துச் சுவரில் ஒரு ஜமீன்தார் நிற்கிறார். எண்ணெய் வண்ணத்தில், ஆளுயரத்தில். சரிகைத் தலைப்பாகை, முழங்காலுக்குக் கீழே இறங்கும் பட்டு அங்கி, இடது கை மேசைமேல், வலது கையில் உறைபோட்ட கத்தி. புலித்தோலின் மேல் வெறுங்காலோடு நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் சிவப்புத் திரையும் ஒரு பளிங்குத் தூணும். அந்தத் தூண் பங்களாவில் எங்கும் கிடையாது. எனக்குத் தெரிந்து அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

அந்தப் படத்தைப் பற்றி உலகத்தில் அதிகம் தெரிந்தவன் நான்தான் என்று ஏழு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்காமல், காந்திபுரத்தில் பேருந்துக்குக் காத்திருந்தவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்த சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். அது கைக்கு வந்த நாளிலிருந்து என் நடையே மாறிப்போயிற்று என்பது அம்மாவின் கருத்து. சட்டையை உள்ளே செருகிக்கொண்டு, வீட்டில் ரசம் கேட்கும்போதுகூட "அதாவது" என்று ஆரம்பிக்கிறேனாம். வரலாற்றில் முதுகலை முடித்து, முனைவர் பட்ட ஆய்வுக்குத் தற்காலிகமாகப் பதிவும் செய்துவிட்டேன். தற்காலிகம் என்பதுதான் சிக்கல். ஓராண்டுக்குள் சொந்தமாக ஒரு கட்டுரை எழுதி, மூவர் குழுவின் முன் படித்து, அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் பதிவு நிலைக்கும். இல்லையென்றால் அது காலாவதி ஆகிவிடும், நான் சூலூரில் எங்கள் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது என்று தெரியாது. ஏனென்றால் அம்மா ஏற்கெனவே தறிக்குடோன் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பதிவு விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்றொரு கட்டம் இருந்தது. அப்பா கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். சுவரைச் சுரண்டுவார், விரிசலை அடைத்துப் பட்டி பார்ப்பார், கதவுக்கு வார்னிஷ் போடுவார். நான் அந்தக் கட்டத்தில் 'வண்ண வணிகம்' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் அது எனக்கே பிடித்துப்போய், இன்னொரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

என் நெறியாளர் சுருக்கமாகப் பேசுகிறவர். "யாரும் தொடாத ஒண்ணா எடுத்துக்க தம்பி" என்று சொல்லி, தனக்குத் தெரிந்த ஜமீன் குடும்பத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வீட்டில் இப்போது இருப்பது எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஓர் அம்மா. ஊரார் பெரியம்மணி என்பார்கள். முதல் நாள் என்னை ஊஞ்சலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்து விசாரித்தார்.

"எந்தூருங்க கண்ணு?"

"சூலூருங்கம்மா."

"அப்பா என்ன பண்றாருங்க?"

"பெயிண்ட் பிசினசுங்க."

"கடையுங்களா?"

"அந்த லைன்லதானுங்க" என்றேன்.

"நல்லதுங்க. எங்கூட்டுக்கும் வருசா வருசம் ஒரு பெயிண்டர் வருவாரு. அவரும் சூலூருதான். தங்கமான மனுசன். உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"சூலூர்ல பெயிண்டருங்க நெறையப் பேருங்கம்மா" என்று அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவைத்தேன். அன்று இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும். அப்பா எங்கே வேலைக்குப் போகிறார் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு "மேக்க வேல" என்று கிளம்புவார். நான் பையை எடுத்துக்கொண்டு "கள ஆய்வு" என்று கிளம்புவேன். இருவரும் மேற்கேதான் போய்க்கொண்டிருந்தோம்.

பெரியம்மணி படத்தின் கதையைச் சொன்னார். அதில் இருப்பவர் அவருடைய கணவரின் பாட்டனார். "ஆளு அஞ்சடிதானுங்க. படத்துல பாருங்க, தூணு ஒசரம் நிக்கறாரு." வரைந்தவர் மைசூர் அரண்மனையில் ஓவியராக இருந்தவர். மூன்று மாதம் தோட்டத்துச் சாளை வீட்டில் தங்கி, தினமும் நெய்யும் பருப்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, படத்தை முடித்துவிட்டுப் போனாராம்.

"பேருங்கம்மா?"

"அது யாருக்குங்க தெரியும்? நெய்யு எவ்வளவு கேட்டாருன்னு எங்க மாமியா சொல்லுவாங்க. பேர மட்டும் ஒருத்தரும் சொல்லல."

படத்தில் கையெழுத்தும் இல்லை. பீரோவில் ஒரு பழைய கடிதம் மட்டும் இருந்தது. ஓவியர் சொல்ல, பண்ணைக் கணக்கப்பிள்ளை தமிழில் எழுதியது. ஜமீன்தார் ஐயா ஒரு நாழிகைகூட அசையாமல் நிற்பதில்லை, மாட்டைப் பார்க்கப் போய்விடுகிறார், ஆகவே அங்கியைப் போட்டுக்கொண்டு நிற்க ஓர் ஆளைக் கொடுத்து உதவ வேண்டும், முகத்தை ஐயா சாப்பிடும்போது பார்த்து வரைந்துகொள்கிறேன் என்று கேட்டிருந்தார். சிரித்துவிட்டு, கட்டுரையில் அதற்கு இரண்டு வரி ஒதுக்கினேன். எனக்கு வேண்டியிருந்தது அதுவல்ல. ஒரு கண்டுபிடிப்பு.

மூன்றாம் முறை போனபோது டார்ச் கொண்டுபோனேன். ஒரு ஸ்டூல் மேல் ஏறிப் பார்த்தால், கத்தியின் கைப்பிடியில் ஒரு புள்ளி. பழுப்பேறிய சிவப்பு, சுற்றிலும் மஞ்சள் வளையம். மேசைக்காலில் அதே போல் இன்னொன்று. படத்தின் வலது கீழ்மூலையில் மூன்றாவது. மூன்றும் ஒரே அளவு. மூன்றிலும் இடப்பக்கம் பிறைபோல் ஒரு சின்ன வெட்டு. பெரியம்மணியிடம் அனுமதி கேட்டு, ஈரப் பஞ்சால் மூலைப் புள்ளியைத் துடைத்தேன். வரவில்லை. அதாவது, பிற்காலத்தில் ஒட்டிய அழுக்கல்ல, ஓவியத்தோடு சேர்ந்தது. அறிவியல்பூர்வமாக நிரூபித்தாயிற்று.

அன்றிரவே மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். அரண்மனை ஓவியர் பெயரை எழுத அனுமதியில்லாமல், மூன்று புள்ளிகளால் கையொப்பமிட்டிருக்கிறார்! அடுத்த முறை போனபோது நூலால் அளந்தேன். மூன்றையும் இணைத்தால் முக்கோணம். அதன் நடுக்கோடு ஜமீன்தாரின் நெஞ்சு வழியாகப் போனது. உண்மையில் வயிற்றின் வழியாகத்தான் போனது, நூலைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தேன். படத்தின் மேல் படிந்திருந்த தேன்நிறப் பளபளப்புக்கு 'மைசூர் மரபின் பொன்னொளி' என்று பெயர் வைத்து ஒரு பக்கம் எழுதினேன். பிறைவெட்டுக்கு 'முத்திரைப் பிறை' என்று பெயர்.

நல்ல ஆய்வாளன் ஒரு படத்தோடு நிற்கமாட்டான். அதே ஓவியர் வேறு எங்கெல்லாம் வரைந்திருக்கிறார் என்று தேடினேன். பவானிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஒரு மிராசுதாரின் படம் இருந்தது. நெற்றிக்கு நேராகச் சிவப்புப் புள்ளி, மஞ்சள் வளையம். பிறைவெட்டு இல்லை, ஆனால் வளையம் உண்டு. அதோடு அது படத்தின் மேல் போட்டிருந்த கண்ணாடியின் மேல் இருந்தது. வேறு எவனாக இருந்தாலும் அங்கேயே விழித்திருப்பான். நான், சட்டம் போட்டுக் கண்ணாடி மாட்டிய பிறகும் ஓவியர் மெனக்கெட்டு மறுபடி வந்து ஒப்பமிட்டுச் சென்றார் என்று அடிக்குறிப்பு எழுதினேன். அவருடைய தொழில் பக்தியைப் பாராட்டி ஒரு வாக்கியமும் சேர்த்தேன்.

கட்டுரை பதினோரு பக்கம் வந்தது. நெறியாளர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, "படத்து முன்னாலயே வெச்சுப் படிச்சரலாம். நாங்க மூணு பேரும் வந்தர்றோம்" என்றார். பெரியம்மணிக்கு ஏகப்பட்ட சந்தோசம். பவானி ஜமக்காளத்தைத் தட்டி விரிக்கச் சொன்னார். காலை டிபனுக்கு ஆள் வைத்தார். படத்தை இறக்கி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் அவர்தான்.

"அந்த வேலைக்கெல்லாம் நம்ம பெயிண்டருதானுங்க. வரச்சொல்லிப்போட்டேன்."

சொன்ன நாளில் காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் கல்லூரி அட்டை, கையில் கோப்பு. கூடத்தில் நுழைந்தால், ஒரு மர ஏணியைத் தோளில் சுமந்தபடி எதிர் வாசல் வழியாக அப்பா வந்துகொண்டிருந்தார்.

அவர் நின்றார். நானும் நின்றேன். பெரியம்மணி ஊஞ்சலில் இருந்தபடியே கேட்டார்.

"ஏனுங்க பெயிண்டரே, இந்தத் தம்பியத் தெரியுமுங்களா? உங்கூர்க்காரருதான். படத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ணியிருக்காரு."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். என் கழுத்து அட்டையைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம். 'எங்கப்பாங்க' என்று சொல்ல எவ்வளவு நேரமாகிவிடும்? பதினோரு பக்கம் எழுதத் தெரிந்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நான் கோப்பைத் திறந்து பக்கங்களைச் சரிபார்ப்பது போல் நடித்தேன்.

"பாத்திருக்கறனுங்க" என்றார் அப்பா. "பஸ்ஸுல போவாரு, வருவாரு."

போவாரு, வருவாரு. பெற்ற மகனுக்கு அவர் போட்ட மரியாதை அது. பெரியம்மணி, "அதுக்குத்தான் கேட்டேன், உங்கப்பாவும் பெயிண்ட் பிசினசுன்னீங்கல்ல கண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, டிபன் என்னாயிற்று என்று பார்க்க உள்ளே போனார். அப்பா ஏணியைப் படத்துக்குப் பக்கத்தில் சாத்தி, மேலே ஏறினார்.

ஏணியின் பக்கச் சட்டம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. அதில் ஒரு புள்ளி. பழுப்புச் சிவப்பு, சுற்றிலும் மஞ்சள் வளையம், இடப்பக்கம் பிறைவெட்டு.

அப்பாவின் வலது மோதிர விரலைப் பார்த்தேன். பல வருடம் முன்பு சன்னல் கண்ணாடி கிழித்து, நுனியில் சதை எடுபட்டுப்போன விரல். அந்த விரல் எனக்குப் புதிதல்ல. சின்ன வயதில் அதைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன்.

"அப்பா" என்று கீழிருந்து குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டேன். "இது யாருங்க வெச்சது?"

"ஏணியிலயா? நாந்தான். ஆயுத பூசைக்கு வெச்சது."

"இல்லீங்கப்பா. அங்க, படத்துல. கத்தியில."

அவர் குனிந்து உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, அது இன்னுமா இருக்குது!"

நான் ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா ஏணியின் நடுவில் நின்றபடி, திருடாதவனின் நிம்மதியோடு எல்லாவற்றையும் சொன்னார்.

"பெரியம்மணியோட மாமியா இருந்தாங்க அப்ப. நெசக் கத்திய எப்பவோ சர்க்கார்ல ஒப்படைச்சுப்போட்டாங்களாமா. ஆயுத பூசைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெக்கறோம், கத்திக்கு வெக்காம உட்டா வம்சத்துக்கு ஆகாதுன்னு அந்தம்மா பொலம்புனாங்க. ஏணி மேல ஏறறதுக்கு நாந்தான் இருந்தேன். படத்துல இருக்கற கத்திக்கே சந்தனம் குங்குமம் வெச்சுப்போட்டேன்."

"மேசைக்காலுக்கு?"

"மேசையும் சாமாந்தானே கண்ணு?"

"மூலைக்கு?"

"நாலு மூலைக்குந்தான் வெச்சேன். மத்த மூணும் சட்டத்து மேல பட்டிருக்கும். தொடைக்கறப்ப போயிருக்கும்."

கடைசியாக ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. "தொடச்சா வரலீங்களே? நான் தொடச்சுப் பாத்தேன்."

"எப்படி வரும்? அடுத்த மாசமே இந்தூட்டுப் புள்ள சின்னம்மணிக்குக் கண்ணாலம். கதவு சன்னலுக்கெல்லாம் வார்னிஷ் அடிச்சமல்லோ? டப்பாவுல கொஞ்சம் நின்னுது. படம் மங்கலா கெடக்குதேன்னு அதுக்கும் ஒரு கை இழுத்துட்டேன். பொட்டு உள்ள மாட்டிக்கிச்சு. ஆனா என்ன மினுமினுப்புங்கறே! கண்ணாலத்துக்கு வந்தவங்கெல்லாம் படத்தப் புதுசா வாங்குனீங்களான்னு கேட்டாங்க."

மைசூர் மரபின் பொன்னொளியும் போயிற்று.

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. என் மடிக்கணினியின் மூடியிலும் அதே பொட்டு இருக்கிறது. ஆயுத பூசையன்று பைக், மிக்சி, தையல் மெஷின் எல்லாவற்றோடும் சேர்த்து அப்பா வைத்தது. எழுதுகிறவனுக்கு மூடியின் வெளிப்பக்கம் தெரியாது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். நான் 'முத்திரைப் பிறை' என்று தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒவ்வொரு நாளும், எதிரே அமர்ந்து அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கைபேசி அடித்தது. நெறியாளர். வழியில் ஒரு தோப்பிலிருந்து யானை சாலைக்கு இறங்கிவிட்டதாம், வனத்துறைக்காரர்கள் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், வர அரை மணி ஆகும் என்றார். யானைக்கு என் மேல் இருந்த அக்கறை இவ்வளவுதான். அரை மணி.

அப்பா படத்தை இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார். கட்டுரை, மூவர் குழு, பதிவு, காலாவதி எல்லாவற்றையும் முதல்முறையாக அவருக்குச் சொன்னேன். ஏழு மாதமாக "உங்களுக்குப் புரியாதுங்கப்பா" என்று சொல்லிவந்த விசயம் நாலு வாக்கியத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது.

"படிச்சுரு சாமி" என்றார். "நா வெச்ச பொட்டுன்னு யாருக்குத் தெரியப்போகுது? நா வாயத் தொறக்க மாட்டேன்." பிறகு, நான் கோப்பையே புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "நா இங்க நின்னா உனக்கு ஒரு மாதிரி இருக்கும். தோப்புல போயி நிக்கறேன்" என்று ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னது நடைமுறைக்கு ஒத்த யோசனை. நான் அதைத் தீவிரமாகப் பரிசீலித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. டிபன் வாசம் வந்துகொண்டிருந்த அந்த அரை மணியில், பொய் என்பதற்கும் 'மாற்று விளக்கம்' என்பதற்கும் இடையே என்ன வேறுபாடு என்று கோப்பின் பின்னட்டையில் குறிப்பெடுக்கக்கூட ஆரம்பித்தேன்.

குழு வந்தது. நெறியாளர், ஒரு பேராசிரியர், ஓவியக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஓர் அம்மா. இட்லி சாப்பிட்டார்கள், யானையைப் பற்றிப் பேசினார்கள். பெரியம்மணி ஊஞ்சலை நிறுத்திவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நான் எழுந்து நின்று படிக்கத் தொடங்கினேன். முதல் ஆறு பக்கம் ஜமீன் வரலாறு, அதில் ஒரு தவறும் இல்லை. குரல் நன்றாகவே வந்தது. ஏழாம் பக்கத்தைத் திருப்பினேன். 'இங்கேதான் நாம் அந்த மாமேதையின் கைரேகையைச் சந்திக்கிறோம்' என்று முதல் வரி.

கைரேகை என்னவோ உண்மைதான்.

நின்றுவிட்டேன். அந்த இடத்தில் ஏதாவது கம்பீரமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஐயா, ஏழாம் பக்கம் தப்புங்க."

"எந்த வரி?" என்றார் நெறியாளர், பேனாவை எடுத்தபடி.

"எல்லா வரியுந்தானுங்க. எட்டு, ஒம்பதும் தப்புங்க. அது கையெழுத்து இல்லீங்க, ஆயுத பூசைப் பொட்டுங்க. எங்கப்பா வெச்சது."

"எந்த அப்பா?"

"இவருங்க" என்று வாசல் பக்கம் கையை நீட்டினேன். வாசலில் யாரும் இல்லை. நாலு பேரும் திரும்பி, காலியான வாசலையும் அதற்கப்பால் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கோழியையும் பார்த்தார்கள். "இருங்க, கூட்டிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். தங்கள் முன் கட்டுரை படித்த மாணவன் பாதியில் நிறுத்திவிட்டுத் தோப்புக்குள் ஓடியதை அந்தக் குழு அதற்கு முன் பார்த்திருக்காது.

அப்பா ஒரு தென்னை மரத்தடியில் நின்று, தேங்காய் போடும் ஆளிடம் யானை எத்தனை மரத்தைச் சாய்த்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, வாங்க. உங்களக் கேக்கறாங்க."

"என்னையா? நா எதுக்கு கண்ணு?"

"சொல்லிப்போட்டனுங்க."

"இத்தன படிச்சும் பொழைக்கத் தெரியலயே உனக்கு" என்றார். ஆனாலும் குழாயடியில் கால் கழுவிக்கொண்டு, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

பெரியம்மணிக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "அட, நம்ம பெயிண்டரு பையனா நீங்க! அன்னைக்கே இதச் சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பேன் கண்ணு, பொட்டு வெச்சது இவருதான்னு. நீங்க புள்ளி புள்ளின்னு கேட்டீங்களா, நா என்னத்தக் கண்டேன், ஏதோ பெயிண்டு சமாச்சாரம்னு இருந்தேன்." பிறகு அப்பாவிடம் திரும்பி, "ஏனுங்க, பெத்த பையன பஸ்ஸுல பாத்தேன்னீங்களே?" என்றார்.

"பஸ்ஸுலயும் பாத்திருக்கறனுங்க" என்றார் அப்பா.

அதற்குப் பின் நடந்தது எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஓவியக் கல்லூரி அம்மா நாற்காலியை அப்பா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். என்ன வார்னிஷ், எத்தனை கை, பிரஷ்ஷா துணியா, அடிப்பதற்கு முன்னால் படத்தை எதனால் துடைத்தார், அப்போது வண்ணம் ஏதாவது துணியில் வந்ததா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்பா ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். திரைப்பக்கம் சிவப்பு கொஞ்சம் வந்தது, அதனால் அங்கே துடைக்காமல் விட்டுவிட்டேன் என்றார். "சரியாச் செஞ்சீங்க" என்றார் அந்த அம்மா. என்னிடம் ஏழு மாதத்தில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பேராசிரியர் மட்டும் அடிக்குறிப்பைப் பார்த்துவிட்டு, "அப்ப அந்தப் பவானி படத்துக்கும் இவருதானா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் அப்பா. "அது அவங்கூட்டுப் பொட்டா இருக்கும்."

கட்டுரை ஏற்கப்படவில்லை. பதிவு காலாவதி ஆகவும் இல்லை. ஒரு முறை மட்டும் ஆறு மாதம் நீட்டிக்க விதியில் இடம் இருக்கிறதாம். குழுவினர் அதற்குக் கையெழுத்திட்டார்கள். காரில் ஏறும் முன் நெறியாளர் என்னைத் தனியாக அழைத்தார். "பொட்டப் பத்தி மூணு பக்கம். அந்தக் கடுதாசியப் பத்தி ரெண்டு வரி. உனக்கே நல்லாருக்கா தம்பி? அந்த ஓவியன் என்ன பண்ணியிருக்கான்னு அதுல அவனே சொல்லியிருக்கான். மறுபடி எழுது." கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பும் பேருந்தில் அப்பாவும் நானும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தோம். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது, அவள் தறிக்குடோனுக்குத் திருத்தம் சொல்லப் போவாளா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"கடுதாசியில என்ன இருக்குது?" என்று அப்பா கேட்டார்.

சொன்னேன். ஜமீன்தார் நிற்காமல் மாட்டைப் பார்க்கப் போனதையும், அங்கியைப் போட்டுக்கொண்டு நிற்க ஓவியர் வேறு ஆள் கேட்டதையும்.

"அப்படிப் போடு" என்றார் அப்பா. "அதான் அந்தக் காலு அப்படி இருக்குது."

"எந்தக் காலுங்க?"

"புலித்தோலு மேல நிக்குதே, அந்தக் காலுதான். வார்னிஷ் இழுக்கறப்ப கிட்ட உக்காந்து பாத்தேன். விரல் அஞ்சும் அஞ்சு பக்கம் அகண்டு நிக்கும். சேத்துல எறங்கி ஏறுற காலு அது. மெத்தையில இருக்கற மனுசனுக்கு இப்படிக் காலான்னு அன்னைக்கே நெனச்சேன். மூஞ்சிய மாத்துனவன் கால மாத்தாம உட்டுட்டான் பாரு."

நான் அந்தப் படத்தின் முன் ஏழு மாதம் நின்றிருக்கிறேன். நூல் பிடித்து அளந்திருக்கிறேன், டார்ச் அடித்திருக்கிறேன். காலைப் பார்த்ததில்லை. அரண்மனை ஓவியர் கண்ணெதிரே நின்ற ஆளின் காலை, இருந்தபடியே வரைந்துவிட்டுப் போயிருக்கிறார். முகத்துக்குத்தான் கட்டளை இருந்திருக்கும்.

அடுத்த வாரம் நீட்டிப்புக்கு மறுபடி முழு விண்ணப்பமும் நிரப்ப வேண்டியிருந்தது. கல்லூரி அலுவலகத்துச் சாளரத்தில் நின்றபடி எழுதினேன். 'தந்தையின் தொழில்' கட்டம் வந்தது. இந்த முறை பேனா தயங்கவில்லை. தயங்காததோடு, அளவு மீறியும் ஓடியது. 'கட்டடங்களுக்கு வண்ணம் பூசுதல், மரப்பொருள்களுக்கு வார்னிஷ் இடுதல், மேலும் என் ஆய்வுக்குரிய எண்ணெய் ஓவியத்தைப் பராமரித்தவர்' என்று எழுதிக்கொண்டே போய், கட்டம் நிறைந்து, ஓரத்தில் ஏறி, தாயின் பெயரை மறைத்துவிட்டது.

எழுத்தர் அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, புது விண்ணப்பம் ஒன்றை எடுத்துச் சாளரத்தின் வழியே தள்ளினார்.

"ஏனுங்க தம்பி, கதையெல்லாம் எதுக்கு? பெயிண்டர்னு போட்டுக் குடுங்க, போதும்."